மூக்கின் நடுச்சுவர் வளைவுக்கான சத்திரசிகிச்சை: வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிராமப்புற வைத்தியசாலை ஒன்றின் மருந்தகச் சாளரத்துக்குப் பின்னால் நின்று பல ஆண்டுகள் மருந்து கொடுத்தவன் நான். மூக்கடைப்புக்கு ஸ்பிறே வாங்க வருபவரிடம் "உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டால், "மூக்குத்தண்டு வளைஞ்சிருக்காம்" என்பார் ஒருவர், "உள்ளுக்குச் சதை வளந்திருக்காம்" என்பார் அடுத்தவர், "பீனிசம்" என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பார் மூன்றாமவர். மூவருடைய மருந்துத்துண்டிலும் பெரும்பாலும் ஒரே மருந்துதான் எழுதப்பட்டிருக்கும். ஆனால் மூவருக்கும் இருப்பது ஒரே நோய் அல்ல. சிலருக்கு இந்த மூன்றும் ஒரே மூக்கில் சேர்ந்தும் இருக்கும். நடுச்சுவர்ச் சத்திரசிகிச்சையால் நேராக்கக்கூடியது இவற்றில் முதலாவது மட்டுமே என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தியேட்டருக்குப் போனவர்கள்தான், பிறகு "வெட்டியும் சுகமில்லை" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். எனக்கும் இந்தச் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. சாளரத்தின் இரண்டு பக்கத்திலும் நின்றவன் என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன்.

வளைவது எது

இரண்டு நாசித்துவாரங்களையும் பிரித்து நிற்கும் சுவரின் முன்பகுதி குருத்தெலும்பால் ஆனது. பின்பகுதி மெல்லிய எலும்புத் தகடுகளால் ஆனது. இரண்டு பக்கமும் குருதிக் குழாய்கள் நிறைந்த சளிச்சவ்வு அதைப் போர்த்தியிருக்கிறது. குருத்தெலும்புக்குத் தனியான குருதிக் குழாய்கள் இல்லை. அது மேலே ஒட்டியிருக்கும் சவ்விலிருந்தே ஊட்டம் பெறுகிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் பல எச்சரிக்கைகளின் காரணம் தானாகவே விளங்கும்.

முழுமையாக நேரான நடுச்சுவர் உள்ளவர்கள் மிகக் குறைவு. பிறக்கும்போது ஏற்படும் அழுத்தத்தாலோ, முகம் வளரும் வேகத்தில் சுவர் இடமின்றி மடிவதாலோ, சிறுவயதில் விழுந்ததாலோ, பந்து பட்டதாலோ அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். எங்கள் பகுதியில் போர்க்காலக் காயங்களையும் இந்தக் காரணங்களோடு சேர்க்க வேண்டியிருக்கிறது. வளைவு இருப்பது மட்டும் நோயாகாது. அதனால் மூச்சு தடைப்பட்டால்தான் சிகிச்சை தேவைப்படும். ஸ்கான் படத்தில் வளைவைப் பார்த்துவிட்டு, எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவர் சத்திரசிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை.

"சதை" என்ற சொல்லில்தான் பெரிய குழப்பம் கிடக்கிறது. மூக்கின் பக்கச் சுவர்களிலிருந்து உள்நோக்கிப் புடைத்து நிற்கும் சதைமடிப்புகள் எல்லோருக்கும் உண்டு. உள்ளே போகும் காற்றைச் சூடாக்குவதும் ஈரமாக்குவதும் அவற்றின் வேலை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அவை வீங்கி வழியை மறிக்கின்றன. நடுச்சுவர் ஒரு பக்கம் வளைந்திருந்தால், அகலமாகிப்போன மறுபக்கத்தில் உள்ள மடிப்பும் அந்த இடத்தை நிரப்புவதுபோலப் பருத்துவிடுவதுண்டு. இதனால் வளைவு இடப்பக்கம் இருக்க, அடைப்பை வலப்பக்கத்தில் உணர்பவர்களும் இருக்கிறார்கள். நாட்பட்ட அழற்சியால் உருவாகி, உரித்த நுங்குத் துண்டுபோலப் பளபளப்பாகத் தொங்கும் வளர்ச்சி இன்னொரு வகை. அதற்குரிய சிகிச்சை முற்றிலும் வேறானது. ஆகவே "சதை" என்று யாராவது சொன்னால், எந்தச் சதை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதற்படி: உங்கள் மூக்கை நீங்களே கவனியுங்கள்

நிபுணரிடம் போவதற்கு முன் இரண்டு வாரங்களுக்கு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அடைப்பு எப்போதும் ஒரே பக்கத்தில்தானா, அல்லது பக்கம் மாறுகிறதா? ஆரோக்கியமான மூக்கிலும் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை ஒரு பக்கச் சதைமடிப்பு வீங்குவதும் மறுபக்கம் சுருங்குவதும் இயல்பாகவே நடக்கும். சரிந்து படுக்கும்போது கீழ்ப்பக்கம் அடைப்பதும் அப்படியே. பக்கம் மாறிக்கொண்டே இருக்கும் அடைப்பு பெரும்பாலும் வீக்கத்தால் வருவது. ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கத்தில் நிலைத்திருப்பது சுவரின் வளைவால் வருவதாக இருக்கலாம். தும்மல், மூக்கரிப்பு, கண் அரிப்பு, தண்ணீராக ஒழுகுதல் ஆகியவை சேர்ந்திருந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். காலபோக அறுவடையின்போது வெட்டு மெசின் கிளப்பும் தூசியிலும், கிரவல் வீதியில் முன்னே போகும் டிப்பரின் செம்புழுதியிலும் மட்டும் தொந்தரவு கூடுகிறதென்றால் அதையும் எழுதி வையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றும் இருக்கிறது. ஒரு சிறிய முகக்கண்ணாடியைக் குளிர்ந்த நீரில் நனைத்துத் துடைத்து, மேலுதட்டின் மீது கிடையாகப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சை விடுங்கள். கண்ணாடியில் இரண்டு பனித்திட்டுகள் படியும். ஒரு திட்டு அகன்று படிய, மற்றது விரல்நகம் அளவுக்கே படிந்தால், எந்தப் பக்கம் குறைந்த காற்று வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கிளினிக்கில் வைத்தியரும் ஓர் உலோகத் தகட்டை வைத்து இதையே பார்ப்பார். இச்சோதனை அடைப்பைக் காட்டுமே தவிர, அடைப்பின் காரணத்தைக் காட்டாது.

ஒரே பக்கத்தில் மட்டும் அடைப்போடு திரும்பத் திரும்பக் குருதி கசிதல், நாற்றமுள்ள சளி, கன்னத்தில் மரத்துப்போதல், கழுத்தில் கட்டி ஆகியவை இருந்தால் கொப்பி எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள். சிறு பிள்ளையின் ஒரு மூக்குத் துவாரத்திலிருந்து நாற்றத்துடன் சளி வந்தால், உள்ளே புளியங்கொட்டையோ மணியோ சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: மருந்துக்கு ஒரு நேர்மையான வாய்ப்பு

சதைமடிப்பின் வீக்கத்தை மருந்தால் குறைத்த பிறகும் அடைப்பு எஞ்சியிருந்தால், அந்த எஞ்சிய பகுதி பெரும்பாலும் சுவருக்குரியது. இதற்காகத்தான் மொமெற்றசோன், புளூற்றிக்கசோன் போன்ற ஸ்ரீரொயிட் ஸ்பிறேயை வைத்தியர்கள் முதலில் எழுதித் தருகிறார்கள். அது அடித்தவுடன் மூக்கைத் திறக்கும் மருந்தல்ல. தவறாமல் அடித்தால் சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கி, முழுப் பயனைத் தர நான்கிலிருந்து ஆறு வாரங்கள் எடுக்கும். மூன்று நாள் அடித்துவிட்டு "இது சரிவராது" என்று மூலையில் வைத்தவர்களை நான் எண்ணிக்கையில் அடக்க முடியாது.

அடிக்கும் முறையில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். மூக்கை மெதுவாகச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். தலையைப் பின்னால் சாய்க்காமல் சற்று முன்னால் குனியுங்கள். வலக்கையால் இடப்பக்கத் துவாரத்திலும், இடக்கையால் வலப்பக்கத் துவாரத்திலும் அடியுங்கள். அப்படிக் கைமாற்றிப் பிடிக்கும்போது குழலின் நுனி நடுச்சுவரை விட்டு விலகி, கண்ணின் வெளிமூலையை நோக்கித் தானாகவே திரும்பும். அடித்தவுடன் உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். இயல்பாக மூச்சை எடுத்தாலே போதும். நடுச்சுவரின் மீதே தொடர்ந்து அடிப்பவர்களுக்கு அந்த இடம் காய்ந்து, குருதி கசியத் தொடங்கும்.

இதற்கு நேர்மாறானவை, அடித்த சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும் சைலோமெற்றசோலின், ஒக்சிமெற்றசோலின் துளிகள். கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் இவற்றை ஐந்து நாட்களுக்கு மேல், மிஞ்சினால் ஒரு வாரத்துக்கு மேல், தொடர்ந்து பாவிக்கக் கூடாது. பாவித்தால் மருந்தின் வேகம் தணியும்போது வீக்கம் முன்னிலும் அதிகமாகத் திரும்பி வரும். அதை அடக்க மீண்டும் துளி. அதன்பின் மீண்டும் வீக்கம். இரண்டு ஆண்டுகளாகச் சட்டைப்பையில் இந்தப் போத்தலோடு திரிந்த ஓர் உழவு இயந்திரச் சாரதிக்கு, நடுச்சுவர் வளைவென்று தானே தீர்மானித்திருந்த அடைப்பு, துளியை நிறுத்தி வேறு மருந்து எடுத்தபோது பெருமளவு குறைந்துபோனது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் இந்தக் கட்டத்திலேயே பழக வேண்டியது, சத்திரசிகிச்சைக்குப் பிறகு அது கட்டாயமாகப் போவதால். அரை லீற்றர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுநீரையோ குழாய்க்கிணற்று நீரையோ கொதிக்கவைக்காமல் மூக்குக்குள் விடக் கூடாது. அன்றன்று தயாரித்ததை அன்றன்றே பாவித்து, மீதியை ஊற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: நிபுணரைக் காணுதல்

வன்னியின் எந்தப் பகுதியில் இருந்தாலும் வழி ஒன்றுதான். அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கடிதம் வாங்க வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் இருக்கின்றன. பெரிய வசதிகள் தேவைப்படும்போது யாழ்ப்பாணம் அல்லது அநுராதபுரம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவதும் வழமை. நிபுணர்கள் இடமாற்றம் பெற்று வருவதும் போவதுமாக இருப்பதால், கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்பதை வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்து உறுதிசெய்துகொண்டே பஸ் ஏறுங்கள். துணுக்காயிலிருந்தோ முள்ளியவளையிலிருந்தோ விடியற்காலை புறப்பட்டுப் போய், "இன்றைக்குக் கிளினிக் இல்லை" என்று கேட்டுத் திரும்பியவர்களின் சலிப்பு எனக்குத் தெரியும்.

நிபுணர் மூக்கை விரித்துப் பார்ப்பார்; தேவையானால் மெல்லிய கமராக் குழாயை உள்ளே விட்டும் பார்ப்பார். சுவர் வளைந்திருப்பதை உறுதிசெய்ய இதுவே போதும். சீ.ரி. ஸ்கான், சைனஸ் நோயோ வேறு வளர்ச்சியோ சந்தேகிக்கப்பட்டால்தான் தேவைப்படும். "ஸ்கான் எடுக்கவில்லையே, சரியாகப் பார்த்தாரோ" என்று நினைக்க வேண்டாம்.

உடலில், முக்கியமாக முகத்திலும் தலையிலும், ஷெல் துண்டோ துப்பாக்கிச் சன்னமோ எஞ்சியிருப்பவர்கள் அதை முதற்சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சீ.ரி. ஸ்கானுக்கு அதனால் ஆபத்தில்லை; படம் சற்றுக் கலங்கலாம், அவ்வளவுதான். எம்.ஆர்.ஐ. ஸ்கானின் காந்தப் புலத்தில் அது ஆபத்தாக முடியக்கூடும். பழைய காயத்தால் மூக்கின் உள்ளே தழும்பு இறுகியிருந்தால், சத்திரசிகிச்சையும் வழமையைவிடக் கடினமானதாக இருக்கும். கேட்டால்தான் சொல்வது என்று இருந்துவிட வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றாத ஊரிலிருந்தும் வைத்தியர் வந்திருக்கலாம்.

நான்காம் படி: வெட்டுவதா, விடுவதா

இந்தச் சத்திரசிகிச்சை உண்மையில் பயன் தருகிறதா என்ற கேள்விக்கு நெடுங்காலம் தெளிவான பதில் இருக்கவில்லை. நெதர்லாந்தில் 203 பேரை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வும், பிரித்தானியாவில் 378 பேரை வைத்துச் செய்து 2023இல் வெளியான ஆய்வும், அறிகுறி உள்ள வளர்ந்தவர்களுக்கு மருந்தோடு மட்டும் இருப்பதைவிடச் சத்திரசிகிச்சை கூடுதல் பயனளிப்பதைக் காட்டின. ஆனால் பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. என் அபிப்பிராயம் இது: ஆறு வாரம் முறையாக மருந்து எடுத்தும், ஒரே பக்கத்தில் அடைப்பு நிலைத்து, இரவு வாயால் மூச்சுவிட்டுத் தொண்டை வறண்டு எழும்பும் ஒருவருக்கு இது நல்ல தெரிவு. தும்மலும் ஒழுகலும் மட்டுமே தொந்தரவு என்றால், வேறு வழியைத் தேட வேண்டும்.

இதனால் ஒவ்வாமை தீராது. தலையிடி தீரும் என்ற நம்பிக்கையோடு மட்டும் இதைச் செய்யக் கூடாது. குறட்டை சிலருக்குக் குறையலாம். ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று திணறும் நோய் இதனால் மாறுவதில்லை. மூக்கின் வெளித்தோற்றத்தை மாற்றுவது வேறொரு சத்திரசிகிச்சை. வளர்ச்சி முடியும் வரை, அதாவது ஏறத்தாழ 17, 18 வயது வரை, கடுமையான அடைப்பு இருந்தாலன்றிப் பொதுவாகக் காத்திருப்பார்கள்.

நிபுணரிடம் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். சுவரை மட்டும் திருத்துகிறீர்களா, சதைமடிப்பையும் சுருக்குகிறீர்களா? மூக்குக்குள் பஞ்சு அடைப்பீர்களா, சிலிக்கன் தகடு வைப்பீர்களா? அவற்றை எடுக்க நான் எந்த நாளில், எங்கே வர வேண்டும்? மூன்றாவது கேள்விக்கான பதிலைக் கொண்டுதான் பயணத்தையும் தங்குமிடத்தையும் திட்டமிட வேண்டும்.

ஐந்தாம் படி: திகதியும் ஆயத்தமும்

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம்; ஆனால் இது அவசர சத்திரசிகிச்சை அல்லாததால் காத்திருப்புப் பட்டியல் இருக்கும். தனியார் வைத்தியசாலையில் செய்வதானால், தியேட்டர் கட்டணம், மயக்கமருந்து வைத்தியருக்கான கட்டணம், தகடு எடுக்கும் சந்திப்பு எல்லாம் சேர்ந்த தொகையை எழுத்தில் கேளுங்கள். திகதியைத் தெரிவுசெய்ய இடம் இருந்தால், கமக்காரர்கள் விதைப்பு, அறுவடை ஆகிய இரண்டு காலங்களையும் தவிர்த்துக்கொள்வது நல்லது. அறுவடைத் தூசி ஆறாத புண்ணில் படக் கூடாது. வேலை நெருக்கும்போது ஓய்வெடுக்கவும் மனம் வராது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் வாரம் வெட்டிவிட்டு, புழுதியும் கற்பூரப் புகையுமான சனத்துக்குள் போய் நிற்க வேண்டாம்.

அஸ்பிரின், குளோப்பிடோகிறெல், வார்பரின் போன்ற குருதியை இளக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் அவற்றைத் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. யார் எப்போது நிறுத்துவது என்பதை இருதய வைத்தியரும் மயக்கமருந்து வைத்தியரும் தீர்மானிப்பார்கள். உள்ளூர்ப் பரியாரியிடம் எடுக்கும் கசாயத்தையும் சொல்லுங்கள். புகைத்தலையும் புகையிலையையும் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்னரே விட்டுவிட வேண்டும். குருதியழுத்தமும் சீனியும் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் திகதி பிற்போடப்படும். முதல் நாள் காய்ச்சலோ தடிமனோ வந்தால் மறைக்காமல் அறிவியுங்கள். மாரியில் வரும் காய்ச்சல் டெங்காகவும் இருக்கலாம் என்பதால் இது இன்னும் முக்கியம்.

மூக்குத்தி அணிந்திருக்கும் அம்மாமார் அதைக் கழற்ற ஒரு வாரத்துக்கு முன்னரே முயன்று பாருங்கள். இருபது ஆண்டுகளாகக் கழற்றாத சுரை, விடுதியில் அவசரத்தில் இறங்காது. நகைத் தொழிலாளியிடம் போக வேண்டியிருக்கும். தாலிக்கொடியும் காப்பும் தியேட்டருக்குள் போக முடியாது. அவற்றைப் பொறுப்பாக வாங்கி வைக்க ஒருவர் கூட வர வேண்டும்.

ஆறாம் படி: சத்திரசிகிச்சை நாள்

திண்ம உணவை ஆறு மணித்தியாலங்களுக்கு முன் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரை இரண்டு மணித்தியாலங்களுக்கு முன் நிறுத்த வேண்டும். விடுதியில் வேறு நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பால்தேநீர் உணவுக் கணக்கில்தான் வரும். "ஒரு வாய் தேத்தண்ணிதானே குடிச்சனான்" என்று சொல்லி அன்றைய பட்டியலிலிருந்து கழிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வெறும் வயிற்றைக் கேட்பதற்குக் காரணம், மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலே வந்து சுவாசப்பைக்குள் போய்விடக்கூடும் என்பதே.

பெரும்பாலும் முழு மயக்கத்தில், அரை மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை இது நடக்கும். வெளியே வெட்டு இல்லை; முகத்தில் தழும்பும் விழாது. நாசித்துவாரத்துக்குள் ஒரு கீறலிட்டு, சவ்வைக் குருத்தெலும்பிலிருந்து மெதுவாக உரித்து விலக்கி, வளைந்த துண்டை எடுத்தோ, மெலிதாகக் கீறி நிமிர்த்தியோ, பின்பக்க எலும்பு முனையை நீக்கியோ சுவரை நடுவுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு சவ்வைப் பழையபடி போர்த்தித் தைத்துவிடுவார்கள். தையல் தானாகக் கரைந்துபோகும். எல்லாக் குருத்தெலும்பையும் எடுத்துவிடுவதில்லை. மேல்விளிம்பிலும் முன்விளிம்பிலும் குறைந்தது ஒரு சென்ரிமீற்றர் அகலமான பட்டியை விட்டுவைப்பார்கள். கொட்டில் வீட்டுக்கு முகட்டுவளையும் முன்கப்பும் எப்படியோ, மூக்குக்கு அந்தப் பட்டி அப்படி. அது போனால் மூக்கின் முதுகு அமுங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளைந்த பகுதியைத் தாராளமாக வெட்டி எடுத்தார்கள். இன்று எடுப்பதைக் குறைத்து நிமிர்த்துவதைக் கூட்டியிருக்கிறார்கள்.

ஏழாம் படி: விழித்தபின் வரும் இரவு

விழித்ததும் மூக்கு முழுமையாக அடைத்திருக்கும். இதைத் திறக்கத்தானே வந்தோம் என்ற எரிச்சல் வருவது இயல்பு. பஞ்சு அடைத்திருந்தால் வாயால்தான் மூச்சு, உதடு வெடிக்கும், விழுங்கும்போது காதில் ஒரு அமுக்கம் தெரியும். மூக்கின் கீழே கட்டிய துணியில் சிவந்த நீர் ஊறும். தலையணைகளை அடுக்கித் தலையை உயர்த்திப் படுங்கள். தொண்டைக்கு வரும் குருதியை விழுங்காமல் துப்புங்கள், விழுங்கினால் வாந்தி வரும்.

பஞ்சை வழமையாக 24 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் எடுப்பார்கள். எனக்கு எடுத்தவர் ஒரு தாதி. "ஐயா, வாயால மூச்சை விடுங்கோ, கண்ணை மூடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே அவர் இழுத்தபோது, சிறுவிரல் நீளமிருக்கும் என்று நான் நினைத்திருந்தது முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தது. கண்கள் இரண்டும் தாரையாக ஒழுகின. வலி என்பதைவிட, மூளையிலிருந்து ஏதோ உருவப்படுவதுபோன்ற விசித்திர உணர்ச்சி அது, பத்து விநாடிதான். அதைத் தொடர்ந்து வந்த முதல் மூச்சின் குளிரை இன்றும் மறக்கவில்லை. ஆனால் அன்று மாலையே உள்வீக்கத்தால் மூக்கு மீண்டும் அடைத்துக்கொண்டது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். சிலருக்குப் பஞ்சே வைப்பதில்லை. சவ்வுகளைத் துளைத்துத் தைத்துவிடுவார்கள். சிலிக்கன் தகடு வைத்தால் ஒரு வாரமோ சற்றுக் கூடவோ உள்ளே இருக்கும்.

வீடு போகுமுன் மருந்துத்துண்டு, கிளினிக் திகதி, லீவுக்கான மருத்துவச் சான்றிதழ் மூன்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழுக்காக மட்டும் மறுபடி ஏ9 வீதியில் பயணம் செய்வது வீண்.

எட்டாம் படி: இரண்டு வாரங்கள் உங்கள் கையில்

தியேட்டரில் நடப்பது வைத்தியரின் பொறுப்பு. அடுத்த பதினான்கு நாட்களும் நோயாளியுடையவை. இரண்டு வாரங்களுக்கு மூக்கைச் சீறக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முதல் சில நாட்களுக்குக் கொதிக்கும் தேநீர், ஆவி பறக்கும் சோறு, சுடுநீர்த் தலைமுழுக்கு ஆகியவை வேண்டாம். சூடு குருதிக் குழாய்களை விரிக்கும். மலச்சிக்கல் வராமல் பழமும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கினால் தலையில் அழுத்தம் கூடும் என்பதால். குனிந்து புல்லுப் பிடுங்குவதும், தண்ணீர் வாளி தூக்குவதும், உழவு இயந்திரத்தில் குலுங்குவதும் இரண்டு வாரங்களுக்குப் பிறகுதான். குளத்திலோ கடலிலோ மூழ்கிக் குளிப்பதற்கு ஒரு மாதம் பொறுங்கள்.

இவற்றையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நானே, ஆறாம் நாள் மழை இருட்டிக்கொண்டு வர, முற்றத்தில் கிடந்த விதைநெல் மூட்டையைத் தூக்கி விறாந்தையில் வைத்தேன். மூட்டையை இறக்கும்போதே மேலுதட்டில் சூடாக ஏதோ வழிந்தது. குருதி வந்தால் செய்ய வேண்டியது இதுதான்: நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கின் கீழ்ப்பாதியிலுள்ள மென்மையான பகுதியை இரண்டு விரல்களால் இறுக்கிப் பிடித்து, இடையில் விட்டுப் பார்க்காமல் 15 நிமிடம் இருங்கள். அண்ணாந்து பார்ப்பதும் உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றுவதும் உதவாது. எனக்கு அந்த நேரத்துக்குள் நின்றது. வீட்டுக்காரியின் கோபம் நிற்க இன்னும் கொஞ்சம் எடுத்தது. முதல் நாளைப்போலவே, ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையிலும் குருதி கசிய வாய்ப்பு உண்டு. வலி குறைந்து உற்சாகம் திரும்பும் நாட்களும் அவைதான்.

வலிக்குப் பரசிற்றமோல் போதும். 500 மில்லிகிராம் மாத்திரையில் இரண்டு வீதம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு எட்டைத் தாண்டாமல். உடல் மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இதிலும் குறைவு. அஸ்பிரின் குருதிப்போக்கைக் கூட்டும். இபுபுரூபன், டைக்குளோபெனாக் வகைகளை வைத்தியர் எழுதித் தந்தாலன்றி எடுக்க வேண்டாம். வவுனியா உட்பட உலர்வலயத்தில் சிறுநீரக நோய் பரவலாக இருக்கும் நிலையில், கடையில் தானாக வாங்கிய வலிக்குளிசை மூக்கைவிடச் சிறுநீரகத்துக்கே அதிக தீங்கு செய்யலாம்.

உப்புநீர் விடுவதை வைத்தியர் சொன்ன நாளிலிருந்து தொடங்கி, நாளுக்கு மூன்று நான்கு தடவை செய்யுங்கள். உள்ளே பொருக்குக் கட்டும். அதை விரலால் நோண்டக் கூடாது. நோண்டினால் இரண்டு பக்கச் சவ்வும் ஒரே இடத்தில் கிழிந்து, சுவரில் நிரந்தரத் துளை விழக்கூடும். வெளியே போக நேர்ந்தால் முகக்கவசம் அணியுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்துகூடக் கிரவல் வீதியில் போக வேண்டாம்.

மேல் முன்பற்களிலும் முரசிலும் (ஈறிலும்) மரத்துப்போன உணர்ச்சி சில வாரங்களுக்கு இருக்கலாம். மணம் சில காலம் மங்கலாகத் தெரியலாம். இவை பெரும்பாலும் தாமாகவே மாறும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பதினைந்து நிமிடம் அமுக்கியும் நிற்காத குருதி, இரண்டு பக்கமும் திடீரென இறுக அடைத்து, நாளுக்கு நாள் கூடும் வலி, காய்ச்சலுடன் உடம்பில் சிவந்த தடிப்பு, குனியும்போது ஒரு பக்கத்தால் நிறமற்ற வெறும் தண்ணீர்போலச் சொட்டுதல், பார்வை மங்குதல், கழுத்து விறைப்புடன் கடும் தலையிடி. இவற்றில் எது தோன்றினாலும் சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலை தூரத்தில் இருக்கிறதே என்றோ, கிளினிக் திகதி வரவில்லையே என்றோ தாமதிக்காமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். இரண்டாவதாகச் சொன்ன அறிகுறி, சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே குருதி தேங்கியிருப்பதைக் குறிக்கலாம். சவ்வு விலகிய குருத்தெலும்பு ஊட்டமின்றிச் சில நாட்களிலேயே அழியத் தொடங்கும்.

இவையெல்லாம் அரிதானவை. அவற்றைவிட அதிகமாகக் காணப்படுவது, சுவரும் சதைமடிப்பும் தழும்பால் ஒட்டிக்கொள்வது. கிளினிக்கில் அதை விடுவித்துவிடலாம். குருத்தெலும்புக்குப் பழைய வளைவுக்குத் திரும்பும் குணம் இருப்பதால் சிலருக்கு அடைப்பு ஓரளவு மீளவும் செய்யும். சிலருக்கு இரண்டாம் முறை திருத்த வேண்டி வரும். தகடு எடுத்த அன்றே முடிவு கட்டாமல், மூன்று மாதம் கழித்து அதே முகக்கண்ணாடியை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் ஸ்பிறேயை அதற்குப் பிறகும் தொடர வேண்டியிருக்கும். என் வலப்பக்கத் திட்டு இன்றும் இடப்பக்கத்தைவிடச் சற்றுச் சிறியதுதான். ஆனால் இரவில் வாயை மூடிக்கொண்டு தூங்குகிறேன்.

பிள்ளையின் மூக்கில் அடிபட்டால்

வளர்ந்தவர்களிடம் காணும் வளைவுகளில் சில, பள்ளி மைதானத்தில் தொடங்கியவை. பந்தோ மாட்டின் கொம்போ சைக்கிள் கைபிடியோ மூக்கில் பட்டால், குருதி நின்றதோடு விட்டுவிடாமல், ஒரு சிறு வெளிச்சத்தால் இரண்டு துவாரத்துக்குள்ளும் பாருங்கள். நடுச்சுவரில் செந்நீலமாக, மெத்தென்று வீங்கிய பகுதி தெரிந்தாலோ, பிள்ளை இரண்டு பக்கமும் மூச்சு வரவில்லை என்றாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தேங்கிய குருதியை உடனே வெளியேற்றினால்தான் குருத்தெலும்பு தப்பும். வெளிமூக்கு கோணியிருப்பதாகச் சந்தேகம் இருந்தால், வீக்கம் வற்றும் நான்காம் ஐந்தாம் நாளளவில் மறுபடி காட்டுங்கள். முறிந்த எலும்பு பொருந்தி இறுகுமுன், வளர்ந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள்ளும் பிள்ளைகளுக்கு அதைவிடச் சுருக்கமான காலத்துக்குள்ளும், அதைக் கையாலேயே நிமிர்த்தி வைத்துவிடலாம்.